லொந்தார்

பாலியின் சிங்கராஜாவில், 1928-இல் தொடங்கிய கெடோங் கீர்த்யா சுவடி நூலகத்தில் ஒரு லொந்தார் ஏட்டை விரலால் தடவிப் பார்த்தேன். கீறிய எழுத்துக்குள் கரி படிந்திருந்தது; துளையில் கயிறு. எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த ஓலைக்கட்டேதான்! ஜாவா மொழியில் ‘ரோன்’ இலை. ‘தால்’ வடமொழித் தாலம், பனை. ரோன்தால் புரண்டு லொந்தார் ஆனது.

இப்படி ஓலையில் வந்த பழைய ஜாவா நூல்களில் எனக்கு மிகப் பிடித்தது மகாபாரதத்தின் விராடபர்வம். 996-இல், கிழக்கு ஜாவாவை ஆண்ட தர்மவம்ச தெகுவின் காலத்தில், பழைய ஜாவா உரைநடையில் எழுதியது. கதை உள்ளூர் மொழியில் ஓடும். இடையிடையே வடமொழிச் சுலோகத் துண்டு தலைகாட்டும். மொழியறிஞர் சொட்முல்டர் தொகுத்த பழைய ஜாவா அகராதியில் ஏறக்குறைய பாதிச் சொற்கள் வடமொழிவழி வந்தவை. ஆனால் அவற்றில் ஏறும் ஒட்டுகள் ஜாவாவுக்கே உரியவை. இதை வெறும் இரவல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மலாய்ப் பக்கம், சுமத்ராவின் கெரிஞ்சியில் குலச்சொத்தாகக் காத்துவந்த தஞ்சோங் தானா சுவடி. 14ஆம் நூற்றாண்டு, மரப்பட்டைத் தாள், சட்ட நூல். தொடக்கமும் முடிவும் வடமொழி. இடையில், கோழி திருடியவனுக்கு என்ன தண்டம் என்பது போன்ற விதிகள் மலாயில்.