ராஜாளியில் தங்கிய ரஷ்யப் பறவை

சோவியத் நாடு என்றதும் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டனுப்பிய கெட்டி அட்டை நூல்களே நினைவுக்கு வரும். அந்நாடு 1991-இல் கலைந்தபின் அவ்வரத்து நின்றது. ஆனால் அங்கிருந்து வந்த வேறொன்று, எங்கள் ஒடுகத்தூரும் அரக்கோணமும் ஒன்றாயிருந்த அன்றைய வேலூர் மாவட்டத்தில், 2017 வரை பறந்துகொண்டிருந்தது. துப்பொலேவ் 142 விமானங்களைச் சொல்கிறோம். மாவட்ட வரலாறு பேசுவோர் இவற்றைக் குறிப்பிட நாம் கேட்டதில்லை.

இந்தியக் கடற்படையின் 312-ஆம் வான்பிரிவு 1976-இல் தொடங்கியபோது அதற்குக் கிடைத்தவை சூப்பர் கான்ஸ்டலேஷன் என்னும் அமெரிக்க விமானங்கள். ஏர் இந்தியாவில் பயணிகளைச் சுமந்து, பின்னர் விமானப்படையிலும் உழைத்துக் களைத்தவை அவை. 1988-இல் எட்டு துப்பொலேவ்கள் கோவாவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றை ஓட்ட நம்மவர் பயின்றது லாத்வியாவின் ரீகா நகரில். நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரு விசிறிகள். ஜெட்டை நெருங்கும் வேகம், காதைத் துளைக்கும் இரைச்சல். ஒலியுணரும் மிதவைகளைக் கடலில் வீசி நீர்மூழ்கிகளைத் தேடுவதே இதன் தொழில். சோவியத் கடற்படை இதே வேலையை வடக்கே வொலொக்தா பகுதியின் கிப்பெலோவோ தளத்திலிருந்து செய்துவந்தது. நம்மிடம் வந்த ஆண்டே, நவம்பரில், மாலத்தீவு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது இவ்விமானங்களுக்கு வேலை வந்துவிட்டது.

1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அரக்கோணத்தில் ராஜாளி தளத்தைத் தொடங்கிவைத்தார். துப்பொலேவ்கள் கோவாவிலிருந்து அங்கே குடிபெயர்ந்தன. (உச்சிப்புளியிலுள்ள தளத்தின் பெயர் பருந்து. பெயரிட்டவருக்குத் தமிழாசிரியர் சார்பில் நம் வணக்கம்.) அப்போது சோவியத் ஒன்றியம் மறைந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பயிற்சி பெற்ற ரீகா வேறு நாடு; விமானத்தைக் கட்டிய தாகன்ரோக் வேறு நாடு. உதிரி பாகம் கேட்டு எந்த வாசலில் நிற்பது? பிறந்த நாட்டை இழந்த பின்னும் இருபத்தைந்து ஆண்டுகள் அவை பறந்ததற்கு, ஊர் அறியாத தொழில்நுட்பர்களின் கைகளே காரணம் என்று எண்ணுகிறோம்.

2017 மார்ச் 29 அன்று அவற்றுக்கு விடைகொடுத்தார்கள். ஏறத்தாழ 30,000 மணி நேரப் பறப்பு, ஒரு விபத்தும் இல்லை. 2013 முதல் அரக்கோணத்தில் வந்திறங்கிய போயிங் பி-8ஐ விமானங்கள் அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டன. அமெரிக்க விமானத்தோடு தொடங்கிய பிரிவு மறுபடி அமெரிக்க விமானத்துக்கே திரும்பியிருக்கிறது. துப்பொலேவ் ஒன்று விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே ஏறியும் பார்க்கலாம்.