துப்பாக்கியின் குறித்தகடு சொல்லும் வரலாறு

எங்கள் முதலிபாளையத்துப் பக்கம் தேர்த் திருவிழா என்றால், பலூன் சுடும் கடை ஒன்றாவது இருக்கும். மூச்சை அடக்கி, ஒரு கண்ணை மூடி, சிவப்புப் பலூனின் நடுவில் குறிவைத்துச் சுடுவோம். குண்டு பக்கத்துப் பலகையில் போய்ப் பாயும். கை நடுங்கிவிட்டது என்று கடைக்காரர் சிரிப்பார். பல சமயங்களில் குற்றம் கையினுடையது அன்று. குறிபார்க்கும் தகடு சற்றே வளைந்திருக்கும். முதல் குண்டு எந்தப் பக்கம் எவ்வளவு விலகியதோ, அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் குறிவைத்து மறுபடி சுட்டுப் பாருங்கள்; பலூன் வெடிக்கும்.

இந்த விளையாட்டுக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. குறித்தகடு அசையாமல் பதிக்கப்பட்டிருப்பது நல்லதா? வேண்டியபோது நகர்த்திக்கொள்ளும்படி இருப்பது நல்லதா? இயற்பியல் கேள்வியாகத் தோன்றும் இது, நம் நாட்டில் ஒரு காலத்தில் அரசியல் கேள்வியாகவே ஆகிவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். குழலின் நுனியில் ஒரு சிறு முளையும், கண்ணுக்கு அருகில் பிளவுள்ள ஒரு தகடும் இருக்கின்றன. என்.சி.சி. மாணவர்கள் இவற்றை ‘ஃபோர் சைட்’, ‘பேக் சைட்’ என்பார்கள். தகட்டின் பிளவு, முளை, இலக்கு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் தெரியும்போது சுட வேண்டும். பார்வை நேர்கோட்டில் செல்கிறது. ஆனால் குண்டு அப்படிச் செல்வதில்லை. குழலை விட்டு வெளியேறிய நொடியிலிருந்தே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது.

எவ்வளவு கீழே? நொடிக்கு 270 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 100 மீட்டரைக் கடப்பதற்குள் அது ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் கீழிறங்கும். 200 மீட்டரில் இறக்கம் 2.7 மீட்டர், 300 மீட்டரில் 6 மீட்டர். தொலைவு இரு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. கலிலியோ கண்டறிந்த விதிதான் இது. ஆகவே தொலைவு கூடக்கூடக் குழலை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். பின்தகட்டை உயர்த்திவிட்டுப் பழையபடி குறிபார்த்தால், குழல் தானாகவே மேல்நோக்கிச் சாயும். நகரும் தகட்டின் பயன் இதுவே.

அப்படியானால் அசையாத தகடு பயனற்றதா? இல்லை. ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். 1887-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட வெப்ளி ரிவால்வரில் இருந்தது அசையாத தகடே. சில அடி தொலைவில், கண நேரத்தில் பயன்படும் ஆயுதம் அது. உறையிலிருந்து உருவும்போது துணியில் மாட்டக்கூடாது. கீழே விழுந்தாலும் குறி மாறக்கூடாது. அதற்கு அசையாத தகடே ஏற்றது.

வேட்டைக்காரரின் தேவை வேறு. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் .44 மேக்னம் போன்ற ஆற்றல் மிக்க ரிவால்வர்கள் வேட்டைக்கு வந்தபோது, அவற்றில் திருகினால் நகரும் தகடு வைத்தார்கள். காரணம் தொலைவு மட்டுமன்று. கனமான குண்டு மெதுவாகச் செல்வதால் குழலுக்குள் கூடுதல் நேரம் தங்குகிறது. அதற்குள் பின்னுதைப்பு குழலின் நுனியை மேலே தூக்கிவிடுகிறது. எனவே, அருகிலுள்ள இலக்கில் கனமான குண்டு, இலேசான குண்டைவிட மேலே பதியும்! தோட்டாவை மாற்றினால் தகட்டையும் மாற்றியாக வேண்டும். அதுவும் நுட்பமாக மாற்ற வேண்டும். தகட்டுக்கும் முளைக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், தகட்டில் நேரும் 1 மில்லிமீட்டர் பிழை 25 மீட்டர் தொலைவில் 12.5 சென்டிமீட்டராகப் பெருகும். வடிவொத்த முக்கோணங்களை வரைந்து நீங்களே சரிபார்க்கலாம். (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தத் தேர்வுக்கு வேலையே இல்லை.)

ஆக, எது சிறந்தது என்பதை வேலைதான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் வேலையைக் கேட்காமல், அச்சத்தைக் கேட்டுத் தீர்மானித்தால்?

1853-இல் வடிவமைக்கப்பட்ட என்ஃபீல்டு துப்பாக்கியை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். கொழுப்புத் தடவிய அதன் தோட்டா 1857 எழுச்சிக்குத் தீப்பொறியாயிற்று. அத்துப்பாக்கியின் குழலுக்குள் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு சுழன்றுகொண்டே வெளிவருவதால் பாதை தவறாது. ஏணி போன்ற அதன் பின்தகட்டில் 100, 200, 300, 400 கெஜங்களுக்குப் படிகள் இருந்தன. தகட்டை நிமிர்த்தினால் 900 கெஜமும் அதற்கு மேலும் குறிக்கப்பட்டிருந்தன. எதிர்த்து நின்ற சிப்பாய்கள் பெரும்பாலோரின் கைகளிலோ, நூறு கெஜத்துக்கு அப்பால் நம்ப முடியாத பழைய வழவழப்புக் குழல் துப்பாக்கிகளே இருந்தன.

எழுச்சி அடக்கப்பட்டது. இந்தியச் சிப்பாய்களுக்கென 1858-ஆம் ஆண்டு மாதிரி என ஒரு புதிய துப்பாக்கி வந்தது. உண்மையில் அது புதியதன்று. அதே என்ஃபீல்டுதான். 14.7 மில்லிமீட்டர் குழலை 16.7 மில்லிமீட்டராகக் குடைந்து, சுருள் பள்ளங்களை அழித்துவிட்டார்கள். ஏணித் தகட்டை எடுத்துவிட்டு, அசையாத தகடு ஒன்றைப் பதித்தார்கள். குடைந்த குழலின் சுவர் மெலிந்துபோய்ப் புடைக்கவும் வெடிக்கவும் இடமிருந்ததால், 1859-இல் தடித்த குழலுடன் மற்றொரு மாதிரி செய்ய வேண்டியதாயிற்று. சிப்பாய் தொலைவில் உள்ளதைக் குறிபார்க்கக் கூடாது என்பதற்காகவே, நன்றாக இருந்த ஒரு கருவியைக் கெடுத்தார்கள்!

சுதந்திர இந்தியாவில் இதே கதை வேறு விதமாகத் திரும்பியது. 1962 சீனப் போருக்குப் பிறகு, வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்றை உருவாக்கியது. முதலில் அதன் தகட்டில் 2,000 மீட்டர் வரை அளவு இருந்தது. 1965-இல் வந்த அடுத்த மாதிரியில் அதை 800 மீட்டராகக் குறைத்தார்கள். இங்கும் குறைப்புதான், ஆனால் இதற்குக் காரணம் அவநம்பிக்கை அன்று. தனி வீரன் வெறுங்கண்ணால் 2,000 மீட்டரில் எதையும் குறிபார்க்க முடியாது என்ற நடைமுறைக் கணக்கு.

எங்கள் ஊர்ப் பின்னலாடைக் கூடங்களில் தையல் இயந்திரத்தின் தையல் நீளத்தை மாற்ற ஒரு திருகு உண்டு. நாள் முழுதும் ஒரே துணியைத் தைப்பவர் அதைத் தொடுவதே இல்லை. தொடாமல் இருப்பது அவர் முடிவு. தொடக்கூடாது என்று யாரோ அதைக் கழற்றிப் போனால், அது வேறு செய்தி. அடுத்த முறை அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கியைக் கண்டால், அதன் பின்தகட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். அது நகருமா, நகராதா என்பதோடு, அதை முடிவு செய்தவர் யார் என்றும் கேளுங்கள்.