தூண்டில்-செவுள்வலைச் சூரைப் படகு

ஆயிரங்கால் தூண்டிலையும் செவுள் வலையையும் ஒருங்கே ஏற்றிச் சென்று ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகு. இலங்கையின் பலநாள் படகுகளில் இம்முறை நெடுநாளாக வழக்கில் உள்ளது.

வலையை மாலையில் மேல்நீரில் விரித்து, இரவு முழுதும் நீரோட்டத்தோடு மிதக்கவிட்டு, விடியுமுன் இழுப்பார்கள். கூட்டமாகத் திரியும் வரிச்சூரை இதில் படும். பெரிய மஞ்சள்துடுப்புச் சூரைக்குத் தூண்டிலே ஏற்றது. மிதவைகளுக்கு இடையே தூண்டிலின் தாய்க்கயிறு எவ்வளவு தொய்கிறதோ அவ்வளவு ஆழத்தில் கணவாய் இரை கோத்த கொக்கிகள் நிற்கும்.

விலையைத் தீர்மானிப்பது மீன் தளத்துக்கு வரும் நிலைதான். வலையில் செவுள் மாட்டிய சூரை மணிக்கணக்கில் செத்துக் கிடக்கும். சூடு தணியாத சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சு பெருகும். தூண்டிலில் பெரும்பாலும் உயிரோடு வரும். உடனே மண்டையில் கூர்கம்பி இறக்கி, மார்புத்துடுப்பின் பின்னே கீறி இரத்தம் வடித்து, செவுளும் குடலும் நீக்கிப் பனிக்கட்டியில் புதைக்க வேண்டும். இந்தக் கைப்பழக்கம் இல்லாவிட்டால் இரட்டைக் கருவியால் பெரிய ஆதாயமில்லை.

பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக இவ்வகைப் படகுகளை மானியத்துடன் வழங்கும் திட்டம் 2017இல் இராமேசுவரத்தில் தொடங்கப்பட்டது. கரையருகே அன்றாடம் போய்த் திரும்பியவர்களுக்கு வாரக்கணக்கான கடல்வாசம் முற்றிலும் வேறு தொழில். பயிற்சிதான் இங்கு முதல் தேவை. வலைக்கு வரம்பும் உண்டு: பெரிய அளவிலான மிதவை வலைகளின் பயன்பாட்டைப் பன்னாட்டுக் கடலில் நிறுத்திவைக்க ஐ.நா. பொதுச்சபை 1991இல் தீர்மானித்தது.