பருவ இதழ்

குறித்த கால இடைவெளியில், முடிவு தேதி எதுவும் வகுக்காமல், எண்ணிட்டு வெளிவரும் வெளியீடு. 'பருவம்' உரிய காலத்தைக் குறிக்கும். பூவின் மடல், உதடு, கண்ணிமை என்ற பொருள்களில் வழங்கிய 'இதழ்' அச்சுக் காலத்தில் பத்திரிகைக்கும் பெயராயிற்று. இலங்கையில் 'சஞ்சிகை' என்ற வடசொல்லும் பெருவழக்கு. நூலகவியலில் 'தொடர் வெளியீடு' இதனினும் விரிந்தது. ஆண்டு மலர், வரிசை நூல்களும் அதில் அடங்கும்.

புத்தகத்தை ஒருமுறை பட்டியலிட்டால் பெரும்பாலும் வேலை முடியும். பருவ இதழோ பெயரும் கால இடைவெளியும் மாறிக்கொண்டே வரும். 1933இல் வார இதழாகத் தொடங்கிய 'மணிக்கொடி', 1935இல் மாதம் இருமுறை வரும் சிறுகதை இதழாயிற்று. கணினிப் பட்டியலுக்கான மார்க் 21 அமைப்பில் இன்றைய இடைவெளி 310ஆம் புலத்திலும், பழையது 321ஆம் புலத்திலும் பதிவாகும். பெயரே மாறினால் பொதுவாகப் புதுப் பதிவு வேண்டும். 780, 785 ஆகிய புலங்கள் முன்பெயரையும் பின்பெயரையும் இணைக்கும். இந்த இணைப்பு விடுபட்டால் ஆய்வாளர் பாதி இதழ்களைக் காணாமலே போவார்.

தொடர் வெளியீடுகளை அடையாளம் காட்டும் எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண்ணுக்கான தரம் 1975இல் வெளிவந்தது. அச்சுப் பதிப்புக்கும் இணையப் பதிப்புக்கும் தனித்தனி எண் உண்டு. இணையதளம்போல் உள்ளடக்கம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருப்பவற்றில் தனி இதழ் என்பதே இல்லை. அதனால் ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் 2002ஆம் ஆண்டுத் திருத்தம், தொடர் வெளியீடுகளையும் இத்தகையவற்றையும் 'தொடரும் வளங்கள்' என்ற ஒரே தலைப்பில் சேர்த்தது.