பூஜ்ஜிய டெசிபல் எங்கிருந்து வந்தது?

பாட்டு கேட்கப் பயன்படும் இயர்பட்டைக் கொண்டே செவித்திறனைச் சோதித்துக்கொள்ளலாம் என்று 2024 செப்டம்பரில் ஆப்பிள் அறிவித்தது. அக்டோபர் இறுதியில் ஐஓஎஸ் 18.1 மென்பொருளோடு அந்த வசதி இரண்டாம் தலைமுறை ஏர்பாட்ஸ் ப்ரோவுக்கு வந்தது. ஐந்து நிமிட வேலைதான்: மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் திரையைத் தொட வேண்டும், கடைசியில் இரு காதுக்கும் தனித்தனியாக ஓர் எண் வரும். ஆனால் பலருக்கு அந்த ஐந்து நிமிடம் தொடங்குவதே இல்லை. சுற்றுப்புறத்தில் இரைச்சல் அதிகம் என்று ஃபோன் நிறுத்திவிடுகிறது. இல்லையென்றால் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்கிறது. கருவியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி அணைத்துப் போடுகிறார்கள், மென்பொருளைப் புதுப்பிக்கிறார்கள், சிலிக்கோன் முனையை மாற்றிப் பார்க்கிறார்கள். சில சமயம் கோளாறு உண்மையிலேயே அங்கேதான் இருக்கும். ஒலி வெளிவரும் நுண்வலையில் காதுக் குறும்பி அடைத்திருந்தால் எந்தச் சோதனையும் நடக்காது. ஆனால் பெரும்பாலான நிறுத்தங்களுக்குக் காரணம் மிகப் பழையது. காதுக்கு ஒலியைக் கொடுப்பது என்றுமே எளிதாகத்தான் இருந்தது. சோதிக்கும் அறை, காதில் படும் கருவி, கேட்பவரின் நிலை ஆகிய மூன்றையும் வசப்படுத்துவதற்குத்தான் மருத்துவமும் பொறியியலும் நூற்றைம்பது ஆண்டு செலவிட்டன. இயர்பட் மறுபடி மறுபடி நிற்பது அந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான்.

மின்சாரம் வருவதற்கு முன் மருத்துவரிடம் இருந்தவை கைக்கடிகாரமும் கிசுகிசுப்பும் இசைக்கவையும். கடிகாரத்தைக் காதருகே பிடித்து மெல்லப் பின்னால் கொண்டுபோய், டிக் ஒலி எந்தத் தூரத்தில் மறைகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு கடிகாரங்கள் ஒரே சத்தத்தில் ஓடுவதில்லை, இரண்டு மருத்துவர்கள் ஒரே அளவில் கிசுகிசுப்பதுமில்லை. லண்டனில் எக்காளம் ஊதிய ஜான் ஷோர் 1711-இல் உருவாக்கிய இசைக்கவை இதைவிட மேல். அதன் சுருதி மாறாது. ஆனால் எவ்வளவு பலமாகத் தட்டினோம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் நோயாளிக்கு ஒலி நின்றதும் மருத்துவர் அந்தக் கவையைத் தன் காதருகே வைத்துப் பார்த்தார். தனக்கு இன்னும் கேட்டால் நோயாளிக்குக் குறை உண்டு என்று கொண்டார். அளவுகோல் மருத்துவரின் காது. அவருக்கு வயதாக ஆக அளவுகோலும் தேய்ந்தது. வியன்னாவின் ஆடம் போலிட்சர் 1877-இல் செய்த சிறு கருவி இந்தச் சிக்கலைத்தான் தொட்டது: எஃகு உருளையின் மேல் ஒரு குட்டிச் சுத்தி எப்போதும் ஒரே உயரத்திலிருந்து விழும், ஆகவே ஒலியின் பலம் மாறாது. ஒலி ஒரு வழிக்கு வந்தது. அறை அப்படியேதான் இருந்தது.

இரண்டே ஆண்டில், 1879-இல், டேவிட் ஹியூஸ் மின்சாரத்தைக் கொண்டுவந்தார். மைக்ரோஃபோன் ஆய்வில் பெயர் பெற்ற அவருடைய கருவி பார்வைக்கு மிக எளிமையானது: அளவு குறித்த ஒரு சட்டம், அதன் இரு முனைகளிலும் நிலையான கம்பிச் சுருள்கள், நடுவில் நகரும் மூன்றாவது சுருள், அதிலிருந்து தொலைபேசியின் காதுக்குழாய்க்கு ஒரு கம்பி. இரு முனைச் சுருள்களும் ஒன்றை ஒன்று எதிர்க்கும்படி இணைக்கப்பட்டிருந்ததால், நகரும் சுருள் ஓரிடத்தில் நிற்கும்போது இரண்டின் விளைவும் ரத்தாகி முழு மௌனம் வரும். அதுவே பூஜ்ஜியம். அங்கிருந்து நகர நகர ஒலி வலுக்கும். லண்டன் மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் இதை எடுத்து நோயாளிகளிடம் பயன்படுத்தினார். ஆடியோமீட்டர் என்ற பெயரும் அப்போதே வந்துவிட்டது. அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் 1880-களில் தமது தொலைபேசியை வைத்து இப்படியொரு கருவி செய்து வாஷிங்டன் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தார். அவருடைய தாயும் மனைவியும் காது கேளாதவர்கள் என்பதால் அவருக்கு இது பொழுதுபோக்கு ஆராய்ச்சியாக இருந்திருக்க முடியாது. ஹியூஸின் பூஜ்ஜியத்தில் ஓர் அழகு உண்டு, ஒரு பிழையும் உண்டு. அது கருவியின் பூஜ்ஜியம். கம்பியில் ஒன்றும் ஓடாத இடம். மனிதக் காது எங்கே கேட்கத் தொடங்குகிறது என்பதை அது சொல்லாது. ஒருவருக்கு நாற்பதாம் கோட்டில் கேட்டது என்றால் அது நல்ல காதா, மந்தக் காதா? பல நூறு நல்ல காதுகளை அதே கருவியில், அதே அமைதியில் சோதித்து வைத்திருந்தால்தான் பதில் கிடைக்கும். அந்த வேலையை அப்போது யாரும் செய்திருக்கவில்லை.

வெற்றிடக் குழாய் வந்தபின் வேகம் பிடித்தது. 1922-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 1-ஏ ஆடியோமீட்டர் வந்தது. ஹார்வி ஃபிளெட்சர், வெகல் ஆகிய இயற்பியலாளர்களும் ஃபௌலர் என்ற காது மருத்துவரும் அதன் பின்னணியில் இருந்தார்கள். இன்றும் மருத்துவமனையில் கையில் தரும் ஆடியோகிராமின் தலைகீழ் வடிவம், அதாவது குறை கூடக்கூடக் கோடு கீழே இறங்குவது, அவர்கள் காலத்தில் உருவானதுதான். ஒலிகளை 128, 256, 512 என்று இரட்டித்துக்கொண்டே போனார்கள். இசைக்கவைகளின் எண்கள் அவை. பின்னால் வந்த கருவிகள் 125, 250, 500 என்று மாறின, மருத்துவரின் மேசையிலுள்ள கவை மட்டும் இன்றும் 512-இலேயே நிற்கிறது. தொலைபேசிக் கம்பியில் ஒலி எவ்வளவு தேய்கிறது என்று அளக்க பெல் ஆய்வகம் வைத்திருந்த அலகுக்கு 1928-இல் டெசிபல் என்று பெயர் சூட்டினார்கள். 1920-களிலேயே பள்ளிகளுக்கென்று 4-ஏ என்ற கிராமஃபோன் ஆடியோமீட்டரும் வந்துவிட்டது. நாற்பது குழந்தைகள் வரை ஆளுக்கொரு காதுக்குழாயை வைத்துக்கொண்டு உட்கார, இசைத்தட்டிலிருந்து ஒரு குரல் எண்களைச் சொல்லும். படிப்படியாகக் குரல் தேயும். காதில் விழுந்ததைத் தாளில் எழுத வேண்டும். பலரை மலிவாகச் சோதிக்கும் ஆசை இயர்பட்டோடு பிறந்ததல்ல. ஒரு வகுப்பறையில் நாற்பது குழந்தைகள் எவ்வளவு அமைதியாக இருப்பார்கள் என்ற கேள்வியும் அன்றே பிறந்திருக்க வேண்டும்.

மனிதக் காதின் பூஜ்ஜியத்தைக் கண்டுபிடிக்கும் முயற்சியில்தான் இந்த வரலாற்றின் பெரிய பாடம் இருக்கிறது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1935–36-இல் நடத்திய தேசிய ஆய்வில் ஏராளமானோரின் செவித்திறனை அளந்தது. காதில் குறையில்லாதவர்கள் சராசரியாக எந்த அளவில் ஒலியைக் கேட்கத் தொடங்குகிறார்கள் என்று அதிலிருந்து கணக்கிட்டு, 1951-இல் அமெரிக்காவின் அதிகாரபூர்வ பூஜ்ஜியமாக அறிவித்தார்கள். மறு ஆண்டே பிரிட்டனிலிருந்து வந்த அளவீடுகள் அதோடு ஒத்துப்போகவில்லை. டெடிங்டனிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டாட்சனும் கிங்கும் அளந்தார்கள். வீலரும் டிக்சனும் தனியாக ஓர் ஆய்வை நடத்தினார்கள். இரண்டிலும் பிரிட்டிஷ் இளைஞர்களின் காது அமெரிக்கக் காதைவிடச் சராசரியாக 10 டெசிபல் கூர்மையாக இருந்தது. 10 டெசிபல் என்றால் ஒலியின் ஆற்றலில் பத்து மடங்கு வித்தியாசம். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் காதுகளின் அமைப்பு அப்படி வேறுபட வழியில்லை. வேறுபட்டவை மற்றவை: அறையின் அமைதி, எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த விதம், சோதனைக்கு உட்பட்டவர்களின் பழக்கம், கருவிகளைச் சரிபார்த்த முறை. நாடெங்கும் சுற்றி நடத்திய ஆய்வில் சூழல் கலந்தது, ஆய்வகத்தில் அது விலக்கப்பட்டது. 1964-இல் சர்வதேசத் தர அமைப்பு பிரிட்டிஷ் அளவை ஒட்டிப் புதிய பூஜ்ஜியத்தை வகுத்தது, அமெரிக்கா 1969-இல் அதற்கு மாறியது. ஒரு மயிரிழை நரம்பும் மாறாமல் அமெரிக்கர்களின் ஆடியோகிராம்கள் எல்லாம் ஏறக்குறைய 10 டெசிபல் கீழே இறங்கின. இரைச்சல் மிகுந்த தொழிற்சாலைகளில் காது போனவர்களுக்கு இழப்பீடு தரும் கணக்கில் அதுவரை 15 டெசிபல் என்றிருந்த எல்லைக் கோட்டை 25 என்று திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஒரு தேசத்தின் பூஜ்ஜியத்துக்குள்ளேயே அறையின் இரைச்சல் புகுந்து உட்கார்ந்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

அது சராசரி எடுப்பதில் நேர்ந்த சிக்கல், ஒரு தனி மனிதர் வீட்டில் உட்கார்ந்து செய்யும் சோதனைக்கு அதை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். தனி மனிதரிடம்தான் அது இன்னும் மோசமாக வேலை செய்யும். பலருடைய சராசரியில் ஓரளவு கரைந்துபோகும் பிழை ஒருவரின் சோதனையில் முழுசாக அப்படியே நிற்கும். மின்விசிறியின் ஓசையும் குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரமும் தாழ்ந்த சுருதியைச் சேர்ந்தவை. 250, 500 ஹெர்ட்ஸ் ஒலிகளை அவை விழுங்கிவிடும். சிலிக்கோன் முனைக்கும் காதுத் துவாரத்துக்கும் இடையில் சிறு சந்து இருந்தாலும் முதலில் கசிந்து போவது அதே தாழ்ந்த ஒலிகள்தான். ஆக, இரைச்சலும் பொருந்தாமையும் ஒரே இடத்தில் பள்ளம் பறிக்கின்றன, தாளில் பார்த்தால் அது நடுச்செவிக் கோளாறு மாதிரியே இருக்கும். ஆடியோமெட்ரிக்கு ஒலிபுகா அறையைக் கட்டியதும், எந்தச் சுருதியில் எவ்வளவு இரைச்சலைப் பொறுக்கலாம் என்று தனித் தரம் வகுத்ததும், ஹெட்போனின் ஒலியழுத்தத்தைச் செயற்கைக் காதில் வைத்துச் சரிபார்ப்பதும் இதனால்தான். கேட்பவரையும் விட்டுவைக்கவில்லை. 1959-இல் ரேமண்ட் கார்ஹார்ட்டும் ஜேம்ஸ் ஜெர்கரும் வகுத்த முறைதான் இன்றும் நடைமுறை: கேட்டால் 10 டெசிபல் இறக்கு, கேட்கவில்லையென்றால் 5 ஏற்று. கேட்கப்போகிறது என்று எதிர்பார்த்தே பொத்தானை அழுத்திவிடும் மனித இயல்பை அது ஓரளவு அடக்குகிறது. அமெரிக்கத் தொழிற்சாலை விதியில் முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது தொழிலாளி வேலையிட இரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும். களைத்த காது உண்மை சொல்லாது. சளி பிடித்திருக்கும்போதும், இரைச்சலான இடத்துக்குப் போய்வந்த மறுநிமிடமும் இயர்பட் சோதனை வேண்டாம் என்ற அறிவுரையின் வேரும் இதுவே.

இயர்பட்டில்தான் இரைச்சலை நீக்கும் வசதி இருக்கிறதே, பிறகு எதற்கு அறையைக் குறை சொல்வது என்பது இன்னொரு வாதம். அதில் பாதி நியாயம் உண்டு. தொடர்ந்து ஒரே மாதிரி ஒலிக்கும் தாழ்ந்த இரைச்சலை அந்த வசதி நன்றாகவே குறைக்கிறது. பக்கத்து அறைப் பேச்சு, பாத்திரம் விழும் சத்தம், தெருவின் ஹாரன் போன்ற திடீர் ஒலிகளிடம் அது அவ்வளவு சமர்த்தல்ல; முனை சரியாகப் பொருந்தாவிட்டால் எதிலும் சமர்த்தல்ல. இங்கே இயர்பட்டுக்கு ஒரு பெருமையைக் கொடுத்தாக வேண்டும். உட்புறம் நோக்கிய மைக்ரோஃபோனைக் கொண்டு காதுத் துவாரத்தில் முனை பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கிறது, வெளி மைக்ரோஃபோனைக் கொண்டு அறையைக் கேட்கிறது, திருப்தி இல்லையென்றால் வேலையைத் தொடங்க மறுக்கிறது. போலிட்சரின் சுத்தியும் ஹியூஸின் சுருளும் எந்தச் சந்தையின் நடுவிலும் கேள்வி கேட்காமல் ஒலித்திருக்கும். எரிச்சலூட்டும் அந்த எச்சரிக்கையை அணைத்துவைக்க வழி தேடுவதைவிட மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, முனையை ஓர் அளவு பெரிதாக்கிப் பார்ப்பது மேல்.

குறையுள்ள சோதனை என்றாலும் சோதனையே இல்லாததற்கு மேல் என்ற வாதம்தான் கனமானது. செவித்திறன் நிபுணர் எட்டாத தொலைவில் இருப்பவர்களுக்கு அது முற்றிலும் பொருந்தும். அமெரிக்காவில் அனுமதி கிடைத்த இயர்பட் செவித்துணை வசதி இந்தியாவில் திறக்கப்படாமல் இருந்த 2024 நவம்பரில், பெங்களூரு இளைஞர்கள் சிலர் அலுமினியத் தாளும் மைக்ரோவேவ் அடுப்பும் கொண்டு அலைகள் புகாத கூண்டு ஒன்றைக் கட்டி, சாதனம் அமெரிக்காவில் இருப்பதாக அதை நம்பவைத்து, தங்கள் பாட்டிமாருக்காக அந்த வசதியைத் திறந்தார்கள். தேவை எவ்வளவு என்று சொல்ல வேறு ஆதாரம் வேண்டியதில்லை. ஆனால் இயர்பட் அளப்பது காற்று வழியாக வரும் ஒலியை மட்டும். ஹைன்ரிச் ரின்னே 1855-இல் விவரித்த சோதனையில் இசைக்கவையின் அடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்து, அங்கே ஒலி நின்றதும் காதின் முன்னால் கொண்டுவருவார்கள். நல்ல காதுக்கு இப்போதும் கேட்கும். கேட்கவில்லையென்றால் அடைப்பு வெளிக்காதிலோ நடுச்செவியிலோ இருக்கலாம். அகற்றக்கூடிய குறும்பியாகவும் இருக்கலாம். நரம்பில் வந்த குறையையும் அடைப்பில் வந்த குறையையும் பிரித்துச் சொல்ல அந்த உலோகத் துண்டால் முடிகிறது, ஏர்பாட்ஸால் முடியவில்லை. ஒரு காதில் மட்டும் எண் சட்டென்று மோசமாக வந்தால் அடுத்து போக வேண்டிய இடம் காது–மூக்கு–தொண்டை மருத்துவர்தான்.

சோதனை முடிந்து எண் வந்த பிறகும் கோடு எங்கே போடுவது என்ற தகராறு ஓயவில்லை. 25 டெசிபல் வரை பெரிய குறை இல்லை, 26 முதல் 40 வரை லேசான குறை என்று ஃபோன் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையிலோ 20-ஐத் தொட்டதுமே லேசான குறை தொடங்கிவிடுகிறது. இரு காதிலும் 22 என்று முடிவு வந்த ஒருவர் ஃபோனின் கணக்கில் நலமாக இருக்கிறார், அறிக்கையின் கணக்கில் குறையுள்ளவர்களின் பட்டியலில் சேர்கிறார். நாளைக் காலையில் தெரு விழிக்கும் முன் எழுந்து மீண்டும் சோதித்தால் அவருக்கு 18 வரவும் கூடும்.