சட்டம் வரும் முன்னே, மீன் வரும் பின்னே

(இணையவழி இலக்கியக் கூடுகையில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெவ்வேறு நாடுகளிலிருந்து, சிலர் நள்ளிரவில் விழித்திருந்தும் கேட்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இரண்டு கோடைகளுக்கு முன் என் மகன் ஏரியில் மீன் பிடிக்க வேண்டும் என்றான். நாங்கள் இருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். இங்கே தூண்டிலைத் தொடுவதற்கு முன்பு உரிமம் வாங்க வேண்டும். கூடவே ஒரு விதிப்புத்தகமும் உண்டு. மாகாணத்தை 20 மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில், எந்த மீனை, எந்த மாதத்தில், எத்தனை பிடிக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். ஊரிலிருந்து பேசிய அம்மாவிடம் இதைச் சொன்னேன். "தண்ணியில கிடக்கிற மீனப் பிடிக்கிறதுக்குச் சீட்டா?" என்று சிரித்தார். என் தாத்தா காவிரிப் படுகையின் வாய்க்கால்களில் ஊத்தாவும் பறியுமாகத் திரிந்தவர். ஊத்தா என்பது அடியில்லாத கூம்புக் கூடை. முழங்கால் தண்ணீரில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கைவிட்டு மீனை எடுக்க வேண்டும். பறி என்பது வாய்க்கால் மடையில் கட்டிவைக்கும் மூங்கில் கூடு. மீன் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. அவர் எந்தச் சீட்டும் வாங்கியதில்லை.

நானும் அம்மாவுடன் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மீன் பிடிக்கச் சீட்டு வாங்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது, நம் ஊருக்கு எப்படி வந்தது என்று தேடத் தொடங்கினேன். அது என்னை நீலகிரிக்குக் கொண்டுசென்றது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பு நம் நீர்நிலைகளில் யாரும் எதையும் பிடிக்கலாம் என்று இருந்ததாக ஒரு கற்பனை உண்டு. அது சரியல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்றொரு சொல் வருகிறது. ஏரி மீன் உரிமையிலிருந்து வரும் வருவாய் அது. அந்த வருவாயை ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பேணவும் ஒதுக்கிய ஊர்கள் உண்டு. இன்றும் ஊர்ப்புறங்களில் மீன்பாசிக் குத்தகை என்கிறோமே, அதில் அந்தப் பழைய சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக நமக்கும் விதி இருந்தது. ஏரி யாருடையது, அதன் வருமானம் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கும் விதி அது.

இங்கிலாந்தில் உருவான விதி வேறு வகை. அங்கே சால்மன் மீன் கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும். தொழிற்சாலைக் கழிவும் அணைகளும் பொறிகளும் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சால்மனை அருகச் செய்தன. 1861ல் சால்மன் மீன்வளச் சட்டம் வந்தது. ஆற்றில் நிலையாகப் பொருத்தி மீன் பிடிக்கும் பொறிகளை அது தடை செய்தது. 1865ல் வந்த அடுத்த சட்டம் தூண்டில்கோலுக்கும் வலைக்கும் உரிமக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. 'நிலைப்பொறி' என்ற அந்தச் சட்டச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது கப்பலேறி நம் ஊருக்கு வரப்போகிறது.

இந்தியாவில் மீன் பற்றிய கவலையைக் கிளப்பியவர் ஆர்தர் காட்டன் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கோதாவரி அணையைக் கட்டியவர், காவிரி, கொள்ளிடம் பாசனத்தைச் சீரமைத்தவர். ஆற்றின் குறுக்கே கட்டிய அணைக்கட்டுகள் மீன்களுக்குக் கேடு செய்திருக்கக்கூடும் என்று 1867ல் அவரே அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதை விசாரிக்கும் பொறுப்பு, சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டேயிடம் வந்தது. இந்திய மீன்களைப் பற்றி இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் பெருநூலை எழுதியவர் அவர். ஊர் ஊராக அலைந்தும், மாவட்ட ஆட்சியர்களிடமும் தாசில்தார்களிடமும் கேள்விகள் கேட்டுப் பதில் வாங்கியும், இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கையை 1873ல் வெளியிட்டார். கொள்ளிடம் கீழணையைத் தாண்ட முடியாமல் உல்லம் மீன் தடுக்கப்படுவதை அவர் கவனித்திருக்கிறார். கூடவே, பொடிக்கண் வலைகளாலும் பறிகளாலும் மீன்குஞ்சுகள் அழிவதைப் பற்றி நிறையவே எழுதினார்.

அதே 1873ல் இன்னொரு நூலும் வந்தது. சென்னை மாகாண சிவில் பணியில் இருந்து, தென்கன்னடத்தில் ஆட்சியராகப் பணியாற்றிய எச். எஸ். தாமஸ் எழுதியது. தூண்டில்கோலோடு இந்திய ஆறுகளுக்குப் போகும் ஆங்கிலேயருக்கான கையேடு அது. அதன் நாயகன் மஹசீர் மீன். நம் பவானி ஆறும் அதில் வருகிறது. தாமஸ் வெறும் பொழுதுபோக்காளர் அல்ல. மீன் வளர்ப்பு பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தவர், மீன் ஏழைகளின் உணவு என்பதை அறிந்தவர். எனினும் ஓர் ஆற்றைப் பார்த்தால் அதில் முதலில் விளையாட்டைக் காணும் கண் அவருடைய நூலில் உருவாகிவிட்டது.

இப்போது நீலகிரிக்கு வருவோம். ஊட்டியில் கோடையைக் கழித்த ஆங்கிலேயருக்கு ஒரு குறை இருந்தது. குளிர் இருந்தது, புல்வெளி இருந்தது, ஓடைகள் ஸ்காட்லாந்தைப் போலவே ஓடின. ஆனால் அந்த ஓடைகளில் டிரவுட் மீன் இல்லை. டே 1860களிலேயே பிரிட்டனிலிருந்து டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். பலிக்கவில்லை. பனிக்கட்டியில் வைத்த முட்டைகள் அத்தனை நாள் கடற்பயணத்தையும் வெப்பத்தையும் தாங்குவது எளிதல்ல.

1877ல் அங்கிருந்த வேட்டைக்காரர்கள் ஒரு பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். 1879ல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அந்த ஆண்டின் 2ஆம் எண் சட்டம். இதில் மீன் பற்றிய பகுதியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது காக்க நினைப்பது மண்ணின் மீனை அல்ல, 'பழக்கப்படுத்தப்பட்ட' மீனை. அதாவது வெளியிலிருந்து கொண்டுவந்து இந்த நீருக்குப் பழக்கிய மீனை. அதிலும், ஓடையில் இருப்பதாக நம்பப்படும் மீன், இனிமேல் கொண்டுவந்து விடப்போகும் மீன் இரண்டையும் சேர்த்துக் காக்கிறது. அவற்றின் பொருட்டு நஞ்சு கலப்பதையும், நிலைப்பொறி வைப்பதையும், வலைக்கண்ணின் அளவையும் கட்டுப்படுத்த அரசு விதிகள் செய்யலாம்.

அப்போது ஊட்டிப் பகுதி நீர்நிலைகளில் ஐரோப்பாவிலிருந்து வந்த வேறு சில மீன்கள் இருந்தன. எல்லோரும் கனவு கண்ட டிரவுட் மட்டும் இல்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்போம். இங்கே சட்டம் வந்து ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்துத்தான் மீன் வந்தது. 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் வானவில் டிரவுட்டை நீலகிரியில் நிலைக்கச் செய்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அந்த ஆண்டுகளில் வந்த முட்டைகளில் இலங்கையிலிருந்து வந்தவையும் உண்டு.

இலங்கையிலும் இதே கதைதான். நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் 1880களிலிருந்து டிரவுட்டை விட்டார்கள். 1896ல் தோட்டத்துரைமார் சேர்ந்து மீன்பிடிக் கழகம் அமைத்தார்கள். அந்த ஓடைகளைச் சுற்றிய மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் நம் ஆட்கள். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருடைய பாட்டிமாராகவும் இருக்கலாம். ஓடை அவர்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஓடியது. மீன் துரையுடையது.

இந்தியா முழுமைக்குமான மீன்வளச் சட்டம் 1897ல்தான் வந்தது. டேயின் அறிக்கைக்கும் அதற்கும் இடையே 24 ஆண்டுகள். கோடிக்கணக்கானோர் உண்ணும் மீனுக்குச் சட்டம் வருவதற்கு 18 ஆண்டுகள் முன்பே, ஒரு மலை மாவட்டத்தில் இன்னும் வராத மீனுக்குச் சட்டம் வந்துவிட்டது. தாமஸின் நூல் மூன்றாம் பதிப்பு கண்டதும் அதே 1897ல்தான்.

1897ஆம் ஆண்டுச் சட்டம் சிறியது. வெடிவைத்தோ நஞ்சு கலந்தோ மீனைக் கொன்றால் 2 மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். நிலைப்பொறி, தடுப்பணை, வலையின் வகையும் அளவும் ஆகியவற்றுக்கு மாகாண அரசுகள் விதி செய்யலாம். குறிப்பிட்ட நீர்நிலையில் 2 ஆண்டுகள் வரை மீன்பிடிப்பை முழுவதுமாக நிறுத்தியும் வைக்கலாம். நிலைப்பொறிக்கு இந்தச் சட்டம் தரும் விளக்கம்: மண்ணில் ஊன்றியோ வேறு வகையில் அசையாமல் நிறுத்தியோ மீன் பிடிக்கும் வலை, கூடு, பொறி, அல்லது வேறெந்த அமைப்பும்.

என் தாத்தாவின் பறி அந்த வரியில் இருக்கிறது. இங்கிலாந்துச் சால்மனுக்காகச் செய்த ஒரு சொல், 36 ஆண்டு பயணத்துக்குப் பின், மூங்கிலால் முடைந்த நம் கூடையின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லா ஊரிலும் பறியை உடனே தடை செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. தடை செய்யும் அதிகாரம் எழுதப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் பட்டியலில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். கூடு, வலை, பொறி, நஞ்சு. சட்டத்தின் கண்ணுக்குக் குற்றமாகத் தெரியக்கூடியவை எல்லாம் பசிக்காக மீன் பிடிப்பவரின் கருவிகள். தூண்டில்கோல் அதில் இல்லை. நீலகிரி ஓடையில் உரிமம் எடுத்தவர், இறகாலும் நூலாலும் செய்த செயற்கைப் பூச்சியைக் கோலில் கட்டி வீசலாம். அது விளையாட்டு. உரிமம் இல்லாமல் அதே ஓடையில் கூடை வைத்தவர் கள்ள வேட்டைக்காரர். இருவர் கையிலும் சாவது மீன்தான்.

இங்கே நாம் சுலபமான இடத்தில் போய் நின்றுவிடக் கூடாது. காக்காய்க்கொல்லி விதையை இடித்து ஓடையில் கலந்தால் பெரியது சிறியது பாராமல் எல்லா மீனும் மயங்கி மிதக்கும். வெடி அதைவிட மோசம். அன்று அந்த விதிகள் இருந்திராவிட்டால் சில ஆறுகளில் மஹசீர் இன்னும் முன்பே அழிந்திருக்கலாம். வில்சன் பணியாற்றிய அதே மீன்வளத் துறையை உருவாக்கியவர் பிரெடரிக் நிகல்சன். கூட்டுறவுச் சங்க இயக்கத்துக்கு நம் நாட்டில் வித்திட்டவர்களில் ஒருவர். மீனவர் கடனையும் மீன் பதப்படுத்தலையும் பற்றிக் கவலைப்பட்டவர். ஒரே துறைக்குள் துரைகளின் டிரவுட்டும் இருந்தது, கடற்கரை மீனவரின் வயிறும் இருந்தது. ஆகவே விதி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி நம்மை எங்கும் கொண்டுசேர்க்காது. விதி யாரை முதலில் வைக்கிறது, யாரைக் கடைசியில் வைக்கிறது என்று கேட்க வேண்டும். காட்டன் எழுப்பிய கேள்வி அணையைப் பற்றியது. கடைசியில் சட்டத்தின் பிடி இறுகியது பறியின் மேல். அணை அரசுடையது, பறி ஏழையுடையது.

இதற்கு வேறு வரிசை சாத்தியமா? சாத்தியம் என்று நான் அறிந்தது இந்த நாட்டில்தான். 1984ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மஸ்குவியம் பழங்குடியைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்பாரோ என்பவர் மேல் வழக்குப் போட்டார்கள். உணவுக்கான மீன்பிடி உரிமத்தில் அனுமதித்த வலை நீளம் 25 பாகம். அவருடைய வலை 45 பாகம். குற்றம் அவ்வளவுதான். அவர் வலையின் நீளத்தை மறுக்கவில்லை. எங்கள் முன்னோர் காலந்தொட்டு இங்கே மீன் பிடிக்கிறோம், அந்த உரிமை உங்கள் உரிமத்தாளில் தொடங்கவில்லை என்றார். 1990ல் கனடிய உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமையை ஏற்றது. ஓர் உரிமையை நீண்ட காலம் விதிகளால் கட்டுப்படுத்தியதாலேயே அது அழிந்துவிடாது என்றது. வலையின் நீளத்தைக் கட்டுப்படுத்தியது நியாயமா என்பதை மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஒரு வரிசையையும் சொன்னது. முதலில் மீன் இனம் பிழைத்திருக்க வேண்டும். அடுத்தது பழங்குடியினரின் உணவு. வணிகமும் விளையாட்டும் அதற்குப் பின்னால்.

1879ல் நீலகிரியில் எழுதிய வரிசையைத் தலைகீழாகப் புரட்டினால் ஏறக்குறைய இது கிடைக்கும்.

நான் இப்போதும் ஆண்டுதோறும் உரிமம் வாங்குகிறேன். விதிப்புத்தகத்தை மகனோடு உட்கார்ந்து படிக்கிறேன். அளவுக்குச் சிறிய மீன் மாட்டினால் அவன் முகம் வாடும், ஆனாலும் தண்ணீரில் விட்டுவிடுவான். அது நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன். கூடவே, அவனுடைய கொள்ளுத்தாத்தா ஒருவர் இருந்தார், அவர் மூங்கில் கூடையால் மீன் பிடித்தார், அதற்கு நம் மொழியில் பறி என்று பெயர் என்பதையும் சொல்லியிருக்கிறேன். சட்டப் புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தது என்பதை அவன் வளர்ந்த பிறகு சொல்வேன்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.