வீடு தேடிச் சென்ற மாணவர்கள்

பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கோயில் எழுந்த வரலாற்றை மூத்தோர் வேறு பக்கங்களில் எழுதியிருக்கின்றனர். ஆகவே பொருள் தேடி அறை வீட்டு அலமாரியைத் துழாவியபோது, நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையின் பழைய கூட்டக் குறிப்பேடு கைக்குக் கிடைத்தது. தொடக்க ஆண்டுகளின் வருகைப் பட்டியலில் மாணவர் பலர் கையெழுத்திட்டிருக்கின்றனர். இன்றைய பட்டியலிலோ பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். அந்த மாணவர்கள் எங்கே போயினர் என்ற கேள்வி நம்மை விடவில்லை. அச்சபையே மாணவரால் பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1831-ஆம் ஆண்டு லியோன் நகரிலிருந்து சட்டம் பயிலப் பாரிஸ் மாநகர் வந்து சேர்ந்தார் பிரெடரிக் ஓசானாம். வயது பதினெட்டு. அவர் தங்கியது விஞ்ஞானி ஆம்பியர் அவர்களின் இல்லத்தில். (நம் வீட்டு மின்சாரப் பெட்டியில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்கிறோமே, அதே ஆம்பியர்தான்.) மறு ஆண்டே காலரா அந்நகரைச் சூறையாடிற்று. சுமார் 18,000 பேர் மாண்டனர். நெருக்கடியான சந்துகளில் வாழ்ந்த ஏழைகளே அதிகம் மடிந்தனர். முப்தார் என்னும் ஏழைப் பகுதியில் இறையன்பின் புதல்வியர் சபையைச் சேர்ந்த ரோசலி ரென்டு என்ற அருட்சகோதரி வீடு வீடாய்ச் சென்று நோயாளிகளைப் பேணினார்.

அக்காலத்தில் ஓசானாமும் அவர் நண்பர்களும் வரலாற்று விவாதக் கழகம் ஒன்று நடத்திவந்தனர். விசுவாசிகளும் விசுவாசமற்றோரும் அங்கே வாதிடுவர். ஒருநாள் எதிரணியினர், பண்டைக் காலத்தில் திருச்சபை நன்மை செய்தது உண்மைதான், இன்று நீங்கள் ஏழைகளுக்காகச் செய்வது என்ன என்று மடக்கினர். கெட்டிக்கார மாணவர் நாவன்மையால் இதற்கும் பதில் சொல்லியிருக்கலாம். ஓசானாம் அப்படிச் செய்யவில்லை. 1833 ஏப்ரல் 23 அன்று, அவருடைய இருபதாம் பிறந்த நாளில், ஆறு மாணவர்கள் பத்திரிகை ஆசிரியர் இம்மானுவேல் பாய்யி அவர்களின் அலுவலகத்தில் கூடினர். பெரியவராகிய அவரையே தலைவராக அமர்த்தினர். ஏழைகளை அறியாத தாங்கள் எங்கே தொடங்குவது என்று சகோதரி ரோசலியிடம் போய்க் கேட்டனர். அவர் குடும்பங்களின் முகவரிகளைக் கொடுத்தார். உணவுச் சீட்டுகளையும் கொடுத்துதவினார். வாதத்தில் தொடங்கிய வழக்கத்தால்தான் இன்றும் அச்சபையின் கிளைகளைக் கான்பரன்ஸ் என்றே அழைக்கின்றனர்.

இந்த மாணவர்கள் பணம் திரட்டி எவர் மூலமாவது அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. வாரந்தோறும் தாங்களே மாடிப்படி ஏறினர், கதவைத் தட்டினர், உட்கார்ந்து பேசினர். பின்னர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து, தான் கண்ட குடும்பத்தில் யாருக்கு வேலை போயிற்று, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், என்ன உதவி வேண்டும் என்று கணக்கோடு சொல்ல வேண்டும். பொருளாளர் கையிருப்பைச் சொல்வார். எல்லாருக்கும் போதாதபோது எந்த வீட்டுக்கு முதலில் என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். தலைமை என்னும் பண்பை மேடைப் பேச்சுப் பயிற்சியால் ஊட்டிவிடலாம் என்று இக்காலத்தில் பலர் எண்ணுகின்றனர். நமக்கு அதில் நம்பிக்கை குறைவு. இருக்கும் இரண்டு ரொட்டிச் சீட்டுகளை மூன்று வீடுகளுக்கு எப்படிப் பகிர்வது என்று தலையைப் பிசைந்துகொண்ட பிள்ளைக்கு அது தானே வரும்.

ஓராண்டு சற்றுக் கடப்பதற்குள் உறுப்பினர் நூறைத் தாண்டிவிட்டனர். கூட்டம் பெருத்தால் பேச வாய்ப்புக் குறையும், ஆகையால் பல கிளைகளாய்ப் பிரிய வேண்டும் என்றார் ஓசானாம். நட்பு முறியுமே என்று பலர் கடுமையாய் எதிர்த்தனர், கண்ணீரும் வந்ததாம். இறுதியில் 1835-இல் பிரிந்தனர். ஒவ்வொரு கிளைக்கும் தலைவர், செயலர், பொருளாளர் தேவைப்பட்டனர். அன்று மனத்தாங்கலோடு பிரிந்திராவிட்டால் பாரிசில் ஒரு நல்ல நண்பர் குழு இருந்தது என்பதோடு கதை முடிந்திருக்கும். ஓசானாம் பேராசிரியராகி, 1853-இல் நாற்பது வயதில் மறைந்தார். 1997-இல் பாரிசிலேயே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் என அறிவித்தார். சகோதரி ரோசலியும் 2003-இல் அப்பேறு பெற்றார்.

அவர்கள் கல்லூரி மாணவர், நம் பிள்ளைகளோ பள்ளிச் சிறுவர் என்று பெற்றோர் சொல்லக்கூடும். அவர்களுக்கு இத்தாலியின் தூரின் நகரத்துப் பியர் ஜோர்ஜோ பிரசாத்தியைக் காட்டுவோம். பிறந்தது 1901-இல். தந்தை லா ஸ்டாம்பா நாளிதழின் உரிமையாளர்; பின்னர் ஜெர்மனியில் இத்தாலியத் தூதுவர்; சமயப் பற்றில்லாதவர். மகன் வகுப்பில் முதல் மாணவனல்லன். லத்தீன் பாடத்தில் தோற்று, சேசு சபையார் பள்ளிக்கு மாறியவன். பதினேழு வயதில், 1918-இல், வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தான். போர் முடிந்து வேலையின்றித் திரும்பிய வீரர்கள், அனாதைகள், நோயாளிகள் ஆகியோரின் வீடுகள் அவனுக்குப் பழக்கமாயின. தந்தை தந்த பேருந்துப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உணவு நேரத்துக்குள் வீடு சேர ஓட்டமாய் ஓடுவான். காரா, பணமா என்று தந்தை பரிசு கேட்டபோது பணத்தை வாங்கி ஏழைகளுக்கே அளித்தான். யாருக்கு எவ்வளவு என்று சிறு கணக்குப் புத்தகமும் வைத்திருந்தான். சுரங்கத் தொழிலாளருக்குத் தொண்டு செய்ய விரும்பியே சுரங்கப் பொறியியல் படித்தார். (இனி 'அவர்' என்றே சொல்வோம், வளர்ந்துவிட்டார்.)

1925 ஜூன் இறுதியில் இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கிற்று. தாம் பேணிய நோயாளி ஒருவரிடமிருந்தே தொற்றியிருக்கலாம் என்பர். பாட்டி மரணப்படுக்கையில் இருந்ததால் வீட்டார் இவரைக் கவனிக்கவில்லை. ஜூலை 3, வெள்ளிக்கிழமை. ஏழைகளைச் சந்திக்க அவர் வழக்கமாய்ச் செல்லும் நாள். செயலற்றுவந்த கையால் நண்பருக்கு ஒரு சீட்டு எழுதினார். ஓர் ஏழை நோயாளிக்கு ஊசி மருந்து சேர வேண்டும். இன்னொருவரின் அடகுச் சீட்டைத் தம் செலவில் புதுப்பிக்க வேண்டும். எழுத்துகள் கோணல்மாணலாய்ச் சிதறியிருந்தன. மறுநாள் மாலை உயிர் பிரிந்தது, வயது 24. அடக்கத்தன்று தெருவெங்கும் ஏழைகள் திரண்டு நின்றனர். தம் மகனை இத்தனை பேர் அறிவர் என்பது பெற்றோருக்கு அன்றுதான் தெரிந்தது. தங்கள் படியேறி வந்த பிள்ளை அவ்வளவு பெரிய வீட்டு மகன் என்பது ஏழைகளுக்கும் அன்றுதான் தெரிந்தது. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இதை எழுதுகையில் நம் குறை ஒன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், சபையினரோடு வாரந்தோறும் வீடு சந்திக்க வரலாமா சாமி என்று கேட்டான். முதலில் பொதுத்தேர்வு முடியட்டும் தம்பி என்று சொல்லி அனுப்பினோம். தேர்வு முடிந்தது. பிறகு பிளஸ் டூ வந்தது. பிறகு வெளியூர்க் கல்லூரி. அவன் மறுபடி கேட்கவில்லை. நாமும் கூப்பிடவில்லை. வாரம் ஒரு மணி நேரத்தால் அவன் மதிப்பெண் குறைந்திருக்குமோ என்னவோ, அறியோம். அந்த ஒரு மணி நேரத்தை அவனுக்கு மறுத்தது நாமே.

இந்த விழா ஆண்டில் சபையினர் சந்திக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும், பெற்றோர் இசைவோடு, மாணவர் இருவர் உடன் செல்ல ஏற்பாடு செய்திருக்கின்றோம். கூட்டம் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், அறை வீட்டுத் திண்ணையில். சென்ற வாரம் மூன்று பெண் பிள்ளைகளும் ஒரு பையனும் வந்தனர். பழைய குறிப்பேட்டில் இடமில்லாததால் புதிய ஏடு வாங்கி, முதல் பக்கத்தில் அவர்களையே கையெழுத்திடச் சொன்னோம்.